வயலுக்கு அடியில் எரிவாயுக் குழாய்: சிறு விவசாயி அறிய வேண்டியவை

நெற்பயிர் தூர் கட்டும் சமயத்தில் மேலுரமாக யூரியா இடாத விவசாயி தமிழ்நாட்டில் அரிது. அந்த வெள்ளைக் குருணை எதிலிருந்து செய்யப்படுகிறது என்று கேட்டால் 'ஏதோ உப்பு' என்றுதான் பல ஊர்களிலும் பதில் வரும். உண்மையில் நம் நாட்டில் தயாராகும் யூரியாவுக்கு மூலப்பொருள் இயற்கை எரிவாயு. நிலத்துக்கு அடியிலும் கடலுக்கு அடியிலும் உள்ள கிணறுகளிலிருந்து எடுத்தும், வெளிநாடுகளிலிருந்து கப்பலில் இறக்கியும் இது தொழிற்சாலைகளுக்குக் குழாய் வழியாக அனுப்பப்படுகிறது. அந்தக் குழாயோ பெரும்பாலும் விவசாயியின் வயலைக் குறுக்கே அறுத்துக்கொண்டுதான் போகிறது. ஒரு பக்கம் உர மூட்டையாகவும் மறு பக்கம் நிலத்தடிக் குழாயாகவும் இந்தத் தொழில் விவசாயியிடம் வந்து சேர்வதால், இதன் வரலாற்றையும் சட்டத்தையும் ஓரளவாவது தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வாயு எப்படி யூரியா ஆகிறது?

இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். சாண எரிவாயுக் கலத்தில் உண்டாகி அடுப்பில் எரிவதும் இதே மீத்தேன்தான். சாண எரிவாயுவில் மீத்தேன் பாதிக்குச் சற்று அதிகமாக இருக்கும், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. குழாயில் செல்லும் வாயுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீத்தேன் இருக்கும்.

இந்த மீத்தேனை நீராவியுடன் சேர்த்து அதிக வெப்பத்தில் சூடேற்றினால் ஹைட்ரஜன் பிரிகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்பதால் அதற்குக் குறைவில்லை. ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் மிகுந்த அழுத்தத்தில் இணைத்தால் அம்மோனியா கிடைக்கிறது. மீத்தேனிலிருந்து பிரிந்த கரியமில வாயுவையே அம்மோனியாவுடன் மீண்டும் சேர்த்தால் யூரியா. எனவே எரிவாயு இங்கே அடுப்பெரிக்கும் விறகாக மட்டும் இல்லை, உலையில் போடும் அரிசியாகவும் இருக்கிறது.

நன்கு இயங்கும் தொழிற்சாலையில் 45 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 30 கன மீட்டர் வாயு செலவாகிறது. வீட்டுச் சமையலுக்கு வரும் சிலிண்டர் ஒன்றரைக்குச் சமமான வெப்பம் அது. நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து முழுவதையும் யூரியாவாகவே இட்டால் 130 கிலோ, அதாவது மூன்று மூட்டைக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். ஒரு ஏக்கர் நெல்லுக்குப் பின்னால் நாலரை சிலிண்டர் எரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒரு பகுதி ஆவியாகவும், நீரோடு கரைந்தும் வீணாகிறது. மேலுரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று பிரித்து இட வேண்டும் என்றும், இலை வண்ண அட்டையைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும் என்றும் வலியுறுத்தப்படுவது விவசாயியின் பணத்துக்காக மட்டும் அல்ல.

மூட்டைக்கு விவசாயி கொடுக்கும் விலைக்கும் அதைத் தயாரிக்க ஆகும் செலவுக்கும் உள்ள பெரிய இடைவெளியை மத்திய அரசு மானியமாகத் தாங்குகிறது. அந்தச் செலவில் முக்கியப் பங்கு எரிவாயுவின் விலை. 2022-ஆம் ஆண்டு உக்ரைன் போர் மூண்டபோது உலகச் சந்தையில் எரிவாயு விலை பல மடங்கு ஏறியது, உர மானியமும் ஏறியது. நம் நாட்டுக்குத் தேவையான எரிவாயுவில் ஏறத்தாழ பாதி இறக்குமதி என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குழாய் வலை வளர்ந்த விதம்

சுதந்திரம் பெற்ற புதிதில் நம் உரத் தொழிற்சாலைகள் நிலக்கரியை நம்பி இருந்தன. 1951-இல் உற்பத்தியைத் தொடங்கிய சிந்திரித் தொழிற்சாலை அப்படிப்பட்டது. நம் நெய்வேலியில் 1960-களில் பழுப்பு நிலக்கரியிலிருந்தே யூரியா தயாரித்தார்கள். எரிவாயு அப்போது அசாமிலும் குஜராத்திலும் எண்ணெய்க் கிணறுகளின் அருகில் மட்டும் பயன்பட்டது. கிணற்றுக்குப் பக்கத்தில் வாங்குவோர் இல்லாவிட்டால் வாயுவை வாயிலேயே கொளுத்தி விடுவதுதான் வழக்கம்.

1974-இல் பம்பாய்க்கு மேற்கே கடலுக்கு அடியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1976 முதல் உற்பத்தி தொடங்கியது. எண்ணெயோடு வாயுவும் வந்தது. பக்கத்தில் பசீன் வயலில் வாயு ஏராளமாக இருப்பதும் தெரிந்தது. எண்ணெய் என்றால் பீப்பாயிலோ கப்பலிலோ ஏற்றி எங்கும் அனுப்பலாம். வாயுவை அப்படிச் செய்ய முடியாது. குழாய் போட்டால் ஒழிய அது கடலிலேயே எரிந்து போகும்.

இங்கேதான் எந்த நாட்டிலும் எரிவாயுத் தொழிலுக்கு முதல் முட்டுக்கட்டை வருகிறது. குழாய் இல்லாமல் வாயுவை நம்பித் தொழிற்சாலை கட்ட யாரும் முன்வர மாட்டார்கள். தொழிற்சாலை இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் குழாய் போடப் பணம் போடுவாரும் இல்லை. அணையில் நீர் இருந்தும் கால்வாய் வெட்டாத நிலை போன்றது இது. பாசனப் பரப்பு எவ்வளவு என்று தெரிந்தால்தான் கால்வாய் வெட்டுவார்கள். கால்வாய் வந்தால்தான் பாசனப் பரப்பு உண்டாகும்.

நம் நாட்டில் இந்த முடிச்சை அவிழ்த்தவை உரத் தொழிற்சாலைகளே. ஆண்டு முழுவதும், இரவும் பகலும், ஒரே அளவில் வாயுவை வாங்கிக்கொள்ளும் வாடிக்கையாளர் உரத் தொழிற்சாலையைப் போல் வேறு இல்லை. 1984 ஆகஸ்டில் இந்திய எரிவாயு ஆணையம் என்ற பெயரில் அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று கெயில் என்று அழைக்கப்படுவது அதுவே. குஜராத்தில் உள்ள ஹசீராவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் விஜய்பூர் வழியாக உத்தரப் பிரதேசத்தின் ஜகதீஷ்பூர் வரை ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் குழாய்த் தொடரை 1,700 கோடி ரூபாய் செலவில் அது அமைத்தது. 1980-களின் பிற்பகுதியில் வாயு பாயத் தொடங்கியதும் விஜய்பூர், ஜகதீஷ்பூர், ஆன்லா ஆகிய இடங்களிலும், 1990-களில் பப்ராலா, கடேபான், ஷாஜஹான்பூர் ஆகிய இடங்களிலும் யூரியா ஆலைகள் எழுந்தன. கோதுமை விளையும் சமவெளியின் நடுவிலேயே யூரியா தயாரானது. ரயில் ஏற்றி வர வேண்டிய தொலைவு குறைந்தது.

அந்தக் குழாயில் ஓடிய வாயு நாளடைவில் போதாமல் போயிற்று. 2004-இல் குஜராத்தின் தஹேஜ் துறைமுகத்தில் கத்தார் நாட்டிலிருந்து திரவ எரிவாயு முதன்முதலாக வந்து இறங்கியது. மீத்தேனைப் பூஜ்யத்துக்குக் கீழே 162 டிகிரி சென்டிகிரேடு வரை குளிர்வித்தால் அது திரவமாகி, பருமன் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அப்போதுதான் கப்பலில் ஏற்ற முடியும். கரையில் மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள். 2009-இல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் வாயு வந்தபோது பஞ்சம் தீர்ந்தது என்று பலரும் நம்பினார்கள். ஓரிரு ஆண்டுகள் உச்சத்தில் இருந்து, பிறகு அந்த வயல் வேகமாக வற்றியது. ஆழ்துளைக் கிணற்றில் முதல் மாதம் கொட்டிய நீரை நம்பி வாழை வைத்தவர் நிலை அது. வாயு வயலின் கையிருப்பை முன்கூட்டி மதிப்பிடுவதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை அந்த அனுபவம் காட்டியது.

இன்று நாட்டின் குழாய் வலை 25,000 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டிருக்கிறது. ஜகதீஷ்பூரிலிருந்து கிழக்கே ஹல்தியா, தாம்ரா வரை நீட்டப்பட்ட குழாயால், மூடிக் கிடந்த கோரக்பூர், பரௌனி, சிந்திரி ஆலைகள் 2021, 2022-ஆம் ஆண்டுகளில் புதிதாகக் கட்டப்பட்டு மீண்டும் யூரியா தருகின்றன. வாயு மூலத்திலிருந்து தொலைவு கூடக் கூடக் கட்டணமும் கூடிக்கொண்டே போகும் முறைக்குப் பதிலாக, 2023 ஏப்ரல் முதல் பல குழாய்களை ஒரே தொகுப்பாகக் கருதிப் பொதுக் கட்டணம் வாங்கும் முறை வந்துள்ளது. கடைமடைக்காரரும் தலைமடைக்காரரும் ஏறத்தாழ ஒரே தீர்வை கட்டுவது போல.

தெற்குக்குத் தாமதமாக வந்தது

தெற்கே நிலைமை வேறு. மணலியில் 1971 முதலும் தூத்துக்குடியில் 1975 முதலும் யூரியா ஆலைகள் இயங்கி வந்தாலும் அவற்றுக்கு எரிவாயுக் குழாய் இல்லை. பெட்ரோலிய சுத்திகரிப்பில் கிடைக்கும் நாப்தாவை வைத்தே நடந்தன. நாப்தாவில் யூரியா செய்தால் செலவு மிக அதிகம். ஆலையை மூடுவதா, வைத்திருப்பதா என்ற பேச்சு அடிக்கடி எழுந்ததற்குக் காரணம் இதுவே.

காவிரிப் படுகையில் எரிவாயு இல்லாமல் இல்லை. நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால், இராமநாதபுரம் பகுதிகளில் எடுக்கப்பட்ட வாயு அந்தந்த இடத்து மின் நிலையங்களுக்கும் சிறு தொழில்களுக்கும் சென்றது. வட்டாரக் குழாய்கள் மட்டுமே இருந்தன. டெல்டாவில் எண்ணெய், வாயுக் கிணறுகளால் நிலத்தடி நீருக்கும் நெல் வயலுக்கும் கேடு வரும் என்ற அச்சம் பெருகிப் போராட்டங்கள் நடந்தன. 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழக அரசு சட்டம் இயற்றியது. அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு துருவுவது அச்சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

2019-இல் எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மணலி ஆலை நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியது. இராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர் குழாய் 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டு, அங்குள்ள உர ஆலைக்கும் எரிவாயு கிடைத்தது. எண்ணூரிலிருந்து தொடங்கும் பெருங்குழாய்த் திட்டம் மொத்தம் 1,400 கிலோமீட்டருக்கு மேல்.

மேற்கு மாவட்டங்களின் அனுபவம் இவ்வளவு சுமுகமானது அல்ல. கொச்சியிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் குழாய் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களில் ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தூரம் விளைநிலத்தின் வழியாகத் திட்டமிடப்பட்டது. தென்னையும் மாவும் பலன் தரும் நேரத்தில் 20 மீட்டர் அகலத்துக்கு மரத்தை வெட்டினால் என்ன மிஞ்சும் என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013-இல் தமிழக அரசு பணியை நிறுத்தி, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு செல்லும்படி கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2016 பிப்ரவரியில் தமிழக அரசின் மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. நாட்டுக்கு வாயு தேவை என்பதும் நிலம் போகும் விவசாயிக்கு நட்டம் என்பதும் இரண்டும் மெய். ஆனால் வழித்தடத்தைத் தாளில் வரைவதற்கு முன்பே ஊராரோடு உட்கார்ந்து பேசியிருந்தால் இத்தனை ஆண்டு வீணாகியிருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

குழாய் பதிப்பதற்கு நிலத்தை அரசு விலைக்கு வாங்குவதில்லை. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் தாதுக் குழாய்கள் சட்டத்தின்படி, நிலத்துக்கு அடியில் குழாய் பதிக்கும் 'பயன்பாட்டு உரிமை'யை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும். உழலாம், விதைக்கலாம், விற்கலாம். ஆனால் அந்தப் பட்டையில் மூன்று காரியங்கள் செய்யக் கூடாது. வீடு, களம், கொட்டகை போன்ற எந்தக் கட்டடமும் கட்டக் கூடாது. குளம், கிணறு, நீர்த்தொட்டி வெட்டக் கூடாது. மரம் நடக் கூடாது. மீறினால் நீதிமன்ற உத்தரவின் பேரில் அகற்றி, செலவையும் நில உரிமையாளரிடமே வாங்கலாம்.

நடைமுறை இப்படி இருக்கும். முதலில் மத்திய அரசிதழில் அறிவிப்பு வரும், சர்வே எண்ணோடு. அந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் தகுதி பெற்ற அதிகாரியிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுக்கலாம். ஆட்சேபம் கொடுத்தவரை நேரிலோ வக்கீல் மூலமோ அதிகாரி விசாரிக்க வேண்டும். இந்த 21 நாள் மிக முக்கியம். பல ஊர்களில் அறுவடை அவசரத்தில் அறிவிப்பைக் கவனிக்காமல் விட்டு, இயந்திரம் வரப்பில் வந்து நின்ற பிறகுதான் அலைகிறார்கள். அப்போது ஆட்சேபக் காலம் போயிருக்கும்.

அறிவிப்புக்கு முன்பே வீடு உள்ள இடம், வீட்டை ஒட்டிய மனை, நிரந்தரக் கட்டடம் உள்ள நிலம் ஆகியவற்றின் அடியில் குழாய் பதிக்கச் சட்டம் இடம் தரவில்லை. எங்கும் ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் பதிக்கவும் கூடாது. வயலில் உள்ள மோட்டார் அறை, தொட்டி, பண்ணை வீடு ஆகியவை அறிவிப்பு நாளில் அங்கே இருந்ததற்குச் சான்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

நட்ட ஈடு இரண்டு வகை. பயிர், மரம், கிணறு, வாய்க்கால் முதலியவற்றுக்கு ஏற்படும் சேதத்துக்கும், நிலம் இரண்டாகப் பிளந்து கிடக்கும் காலத்து இழப்புக்கும், வருமான இழப்புக்கும் தருவது ஒன்று. பயன்பாட்டு உரிமைக்காக, அறிவிப்பு நாளில் அந்த நிலத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் 10 சதவீதம் தருவது மற்றொன்று. அதிகாரி நிர்ணயித்த தொகையை ஏற்காதவர் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்யலாம்.

ஒரு ஏக்கர்காரரின் கணக்கு

பெரிய பண்ணைக்காரருக்கு 20 மீட்டர் பட்டை ஓர் ஓரமாகத் தெரியும். ஒரே ஏக்கர் வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை. ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 64 மீட்டர். குழாய் நேராகக் கடந்தால் 64 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், அதாவது 1,280 சதுர மீட்டர், 32 சென்ட் அடங்கிவிடும். மூலைக்கு மூலை கடந்தால் ஏறத்தாழ 40 சென்ட். வரப்பை ஒட்டிப் போனால் மீதி நிலமாவது ஒரே துண்டாக மிஞ்சும். மூலைக்கு மூலை போனாலோ இரு முக்கோணம்தான் மிஞ்சும். அதில் ஏர் திருப்பவும் கடினம், சொட்டுநீர்க் குழாய் போடவும் கடினம். ஆட்சேபம் கொடுப்பவர் 'குழாயே வேண்டாம்' என்று மட்டும் எழுதாமல், புல வரைபடத்தில் கோடு போட்டு 'இந்த வரப்போரமாகத் திருப்பினால் எனக்கு இவ்வளவு நிலம் மிஞ்சும்' என்றும் காட்டினால், விசாரணையில் பேச ஒரு பிடி இருக்கும்.

ஏக்கர் 20 லட்சம் ரூபாய் பெறும் நிலம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 32 சென்டின் மதிப்பு 6,40,000 ரூபாய். அதில் 10 சதவீதம் 64,000 ரூபாய். இந்தத் தொகை ஒருமுறைதான். அந்த 32 சென்டில் இனி என்றைக்கும் தென்னை வைக்க முடியாது, பிள்ளைக்கு வீடு கட்ட முடியாது, நீர் வற்றினால் கிணறு தோண்ட முடியாது. 10 சதவீதம் போதுமா என்ற கேள்வி இதனால்தான் எழுகிறது. 1962-இல் குழாய்களும் குறைவு, மனை விலையும் குறைவு. அன்று போட்ட அளவுகோல் இன்றைய சிறு விவசாயிக்குப் பொருந்தவில்லை என்றே சொல்ல வேண்டும்.

மரத்துக்கான ஈட்டில் கூடுதல் கவனம் வேண்டும். தென்னை காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும், பிறகு அறுபது வயது வரை காய் தரும். பத்து வயது மரத்தை இழப்பவர் இழப்பது இந்த ஆண்டுக் காயை மட்டும் அல்ல. மரத்தின் வயது, ஆண்டுக்குச் சராசரிக் காய், மிச்சமுள்ள பலன் காலம் ஆகியவற்றைத் தோட்டக்கலைத் துறை அலுவலர் முன்னிலையில் எழுதி வாங்குவது நல்லது. அடங்கலில் 'தென்னை' என்று இருந்தால் போதாது, மரங்களின் எண்ணிக்கையும் பதிவாகியிருக்க வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல், புல வரைபடம் ஆகியவற்றின் நகலும், தேதி தெரியும் புகைப்படமும் அளவை நடக்கும் நாளுக்கு முன்பே கைவசம் இருக்கட்டும். குத்தகைக்கு உழுபவர் பயிரிட்டிருந்தால் பயிர்ச் சேதத்தொகை யாருக்கு என்பதைத் தொகை வருவதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். பணம் வந்த பிறகு பேசினால் பங்காளிச் சண்டையில் முடியும்.

மண்ணைக் காப்பது

நட்ட ஈடு வாங்கியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. குழாய் பதித்த பட்டையில் இரண்டு மூன்று பருவம் விளைச்சல் மட்டமாக இருப்பதைப் பல இடங்களில் காணலாம். காரணம் எளிது. நிலத்தின் வளமெல்லாம் மேல் ஒரு சாண் மண்ணில்தான் இருக்கிறது. இயந்திரம் ஆறேழு அடி தோண்டும்போது அடியிலுள்ள களி, சுக்கான் கல், உவர் மண் எல்லாம் மேலே வருகின்றன. திருப்பிக் கொட்டும்போது மேல்மண் அடியிலும் அடிமண் மேலுமாகப் போனால் அந்த இடம் பல ஆண்டு தேறாது.

ஆகையால் மேல்மண்ணைத் தனியே வழித்து ஒரு பக்கமும், அடிமண்ணை மறு பக்கமும் குவித்து, மூடும்போது அடிமண்ணை முதலிலும் மேல்மண்ணைக் கடைசியிலும் பரப்பும்படி வேலை தொடங்கும் நாளிலேயே கேட்க வேண்டும். இரண்டு குவியலும் கலக்காமல் இருக்கிறதா என்று வீட்டில் ஒருவர் நின்று பார்ப்பது அந்த நாளில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. பின்னால் பத்து வண்டி எரு அடித்தாலும் அதற்கு ஈடாகாது. தோண்டுவதற்கு முன் ஒரு மண் மாதிரியும் மூடிய பின் ஒரு மாதிரியும் எடுத்து மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினால், களர், உவர் தன்மை கூடியிருந்தால் தெரிந்துவிடும். ஈடு கேட்கவும் அது சான்று. ஈரமான நிலத்தில் கனரக வண்டிகள் ஓடினால் மண் இறுகிவிடும். கூடுமானவரை அறுவடைக்குப் பின், காய்ந்த நிலத்தில் வேலை நடத்தும்படி கேட்டுக்கொள்ளலாம்.

மூடிய மண் முதல் மழையிலேயே படிந்து பள்ளம் விழும். நெல் வயலானால் அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும். புஞ்சையானால் மழைநீர் அதையே ஓடையாக்கிக்கொள்ளும். முதல் மழைக்குப் பிறகு நிறுவனத்தாரை வரவழைத்து மட்டம் செய்யச் சொல்ல வேண்டும். அறுபட்ட வாய்க்கால், வடிகால், வரப்பு, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் பழையபடி ஆயிற்றா என்று பார்க்காமல் 'வேலை முடிந்தது' என்ற தாளில் கையெழுத்துப் போடக் கூடாது.

முதல் பருவத்தில் அந்தப் பட்டையில் பணப்பயிர் வேண்டாம். ஏக்கருக்கு 20 கிலோ என்ற கணக்கில் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழ வேண்டும். 32 சென்டுக்கு ஆறரை கிலோ விதை போதும். நீர் குறைந்த புஞ்சையில் சணப்பு அல்லது கொழுஞ்சி ஏற்றது. இத்துடன் ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இட்டு, அடுத்த பருவத்தில் உளுந்து, பாசிப்பயறு போன்ற பயறுவகை போடலாம். மண் களராக இருந்தால் பரிசோதனை முடிவுப்படி ஜிப்சம் இட வேண்டும். பிறகு நெல், நிலக்கடலை, சோளம், காய்கறி என்று ஆழமாக வேர் விடாத எந்தப் பயிரும் வழக்கம்போல் வரும்.

சாதாரண ஏர், டிராக்டர் கலப்பை, ரோட்டவேட்டர் ஆகியவற்றால் குழாய்க்கு ஒன்றும் ஆகாது. உளிக்கலப்பை போட வேண்டுமானால் முன்கூட்டியே நிறுவனத்துக்குச் சொல்லி, குழாயின் ஆழத்தை அளந்து காட்டச் சொல்வது பாதுகாப்பு. பட்டையிலிருந்து வண்டல் எடுப்பதோ, மேட்டைச் சீவி மட்டம் செய்வதோ கூடாது. பதித்தபோது ஒரு மீட்டர் இருந்த மூடுமண் அப்படித்தான் குறைந்து போகிறது. பொக்லைன் வைத்து வரப்பு வெட்டுபவர், கொடுக்கப்பட்ட வாடகை நேரத்தில் வேலையை முடிக்கவே பார்ப்பார். அவருக்குக் குழாய் இருக்கும் இடத்தைக் காட்டுவது நிலத்துக்காரரின் பொறுப்பு.

கசிவின் அறிகுறிகள்

குழாய் உருக்கால் ஆனது. துருப் பிடிக்காமல் இருக்க வெளியே பாலிதீன் பூச்சும், அதற்கு மேல் சிறு மின்னோட்டத்தால் தரும் பாதுகாப்பும் உண்டு. வயலோரம் நிற்கும் சிறு கம்பங்களில் சில இந்த மின்னோட்டத்தை அளப்பதற்கானவை. அவற்றில் மாட்டைக் கட்டுவது, பிடுங்கி வேலிக்கு நடுவது எல்லாம் ஆபத்தில் முடியும். இடையிடையே அடைப்பு வால்வுகள் இருப்பதால் ஓரிடத்தில் உடைந்தால் அந்தப் பகுதியை மட்டும் மூடிவிடலாம்.

இவ்வளவு ஏற்பாடும் பராமரிப்பு ஒழுங்காக இருந்தால்தான் பயன்படும். ஆந்திரப் பிரதேசத்தின் கோதாவரி டெல்டாவில் நகரம் என்ற கிராமத்தில் 2014 ஜூன் 27 அன்று விடியற்காலையில் எரிவாயுக் குழாய் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோப்புகளும் வீடுகளும் கருகின. உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாயில் ஈரம் கலந்த வாயு சென்றதால் உட்புறம் அரித்துப் போனதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. தேங்கி நின்ற வாயுவுக்கு ஒரு சிறு நெருப்பு போதுமானதாக இருந்தது.

மீத்தேனுக்கு இயல்பாக வாசனை கிடையாது. வீட்டுச் சிலிண்டரின் நாற்றம், கசிவு தெரிவதற்காகச் சேர்க்கப்படுவது. பெருங்குழாய்களில் செல்லும் வாயுவுக்குப் பல இடங்களில் அப்படிச் சேர்ப்பதில்லை. ஆகவே மூக்கை நம்ப முடியாது. பாம்பு சீறுவது போன்ற சத்தம், காற்றில்லாதபோதும் ஓரிடத்தில் மண் எழும்புவது, நீர் நிற்கும் வயலில் ஒரே இடத்திலிருந்து இடைவிடாமல் குமிழி வருவது ஆகியவை அடையாளங்கள். இன்னொரு அடையாளத்தை விவசாயிதான் கண்டுபிடிக்க முடியும். வாயு மண்ணில் நிரம்பினால் வேருக்குக் காற்று கிடைக்காது. சுற்றிலும் பயிர் பச்சையாக இருக்க, குழாய்க்கு மேல் ஒரு வட்டத்தில் மட்டும் மஞ்சள் பாய்ந்து வாடும். சத்துக் குறைவென்று நினைத்து அங்கே யூரியா வீசுவதற்கு முன், அந்த மஞ்சள் குழாய்க் கோட்டின் மேல் அமைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்படித் தோன்றினால் பீடி, தீக்குச்சி எதுவும் பற்ற வைக்கக் கூடாது. பக்கத்து மோட்டாரைப் போடவோ நிறுத்தவோ கூடாது, சுவிட்சில் எழும் பொறியே போதும். டிராக்டரை இயக்காமல் அப்படியே விட்டுவிட்டு, காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிர்த் திசையில் விலகிப் போக வேண்டும். கைப்பேசியைத் தொலைவுக்கு வந்த பின்பே எடுக்க வேண்டும். குழாய்க் கோட்டில் நிற்கும் பலகைகளில் நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி எண் எழுதப்பட்டிருக்கும். வெயிலில் அந்த எழுத்து மங்கிவிடுகிறது. அதனால் எண்ணை இன்றே குறித்து, மோட்டார் அறைக் கதவின் உட்புறத்திலும் வீட்டிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். வயலில் களையெடுக்க வரும் பெண்களுக்கும் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கும் இந்த அறிகுறிகளைச் சொல்லி வைப்பது அவசியம். பகல் முழுவதும் அந்தக் கோட்டின் மேல் நடமாடுகிறவர்கள் அவர்கள்தான்.